எம்டனுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்த கதை

எம்டன் என்ற பழைய போர்க்கப்பலைக் காகிதத்தில் மாதிரியாகச் செய்துகொண்டிருந்தேன். வலப்பக்கத் தோலை முன்முனையில் தொடங்கி ஒட்டிக்கொண்டே பின்முனைக்கு வந்தேன். காகிதம் முடிந்துவிட்டது, கப்பல் முடியவில்லை. இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர். 1:250 அளவில் செய்கிற மாதிரியில் அது நிஜக் கப்பலின் 37.5 சென்டிமீட்டருக்குச் சமம். அந்த ஓட்டையில் ஒரு மாலுமி தலையை விட்டு எட்டிப் பார்க்கலாம். இடப்பக்கமோ இழை பிசகாமல் உட்கார்ந்திருந்தது. ஒரே கோப்பு, ஒரே கத்தி, ஒரே கை. அப்புறம் எப்படி ஒரு பக்கம் மட்டும் குறையும்?

மூன்று வாரம் வேலை நின்றுபோனது. காரணம் கிடைத்தபோது, அதன் வேர் முதல் வாரத்தில் எடுத்த ஒரு முடிவுவரை ஓடியிருந்தது. எந்த நாளின் எம்டனைச் செய்வது என்ற முடிவு அது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

எந்த நாளின் எம்டன்

‘அவன் சரியான எம்டன்’ என்று யாரையாவது சொல்லக் கேட்காத தமிழர் குறைவு. கில்லாடி, கண்டிப்பானவன், ஏமாற்ற முடியாதவன் என்று இடத்துக்கு ஏற்ப அர்த்தம் மாறும். அந்தச் சொல்லைத் தந்த கப்பல் எஸ்எம்எஸ் எம்டன், டிரெஸ்டன் வகையைச் சேர்ந்த ஜெர்மன் இலகு குரூஸர், அதாவது வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல். இப்போது போலந்தின் கதான்ஸ்க் ஆகிவிட்ட டான்சிக் நகரின் அரசுக் கப்பல்தளத்தில் கட்டப்பட்டு, 1908 மே மாதம் நீரில் இறக்கப்பட்டு, 1909 ஜூலையில் பணிக்கு வந்தது. நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். மூன்று புகைபோக்கிகள், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. உடன்பிறப்பான டிரெஸ்டனுக்கு டர்பைன் வைத்தார்கள். எம்டனுக்குக் கிடைத்தது நிலக்கரி எரித்து ஓடும் பழைய பிஸ்டன் நீராவி இயந்திரம்தான்.

1910-இல் கிழக்காசியாவுக்குப் போன எம்டன், சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்தவரை வெள்ளை உடலும் மஞ்சள் கலந்த பழுப்பு மேற்கட்டுமானமுமாக இருந்தது. ‘கிழக்கின் அன்னம்’ என்று செல்லப்பெயர். போர் வந்ததும் சாம்பல் பூசிக்கொண்டது. தளபதி கார்ல் ஃபான் முல்லர் அதை வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுவந்து, சில வாரங்களில் வணிகக் கப்பல் போக்குவரத்தையே முடக்கிப்போட்டார்.

அச்சிட்டு வெட்டி ஒட்டுவதற்காக நான் பணம் கட்டி இறக்கிக்கொண்ட பிடிஎஃப் கோப்பு வெள்ளை எம்டன். அழகான தொகுப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அன்னத்தைச் செய்ய மனம் வரவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, விளக்குகள் அணைக்காமல் ஜொலித்துக்கொண்டிருந்த சென்னைத் துறைமுகத்தை இந்தக் கப்பல் சுமார் 3,000 கஜம்வரை நெருங்கி வந்து சுட்டது. ஏறத்தாழ 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகத்தில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அப்போது நகரின் கலங்கரை விளக்கம் அந்த நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில்தான் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த நாட்களில் ஊரைக் காலிசெய்துகொண்டு ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள்.

3,000 கஜத்தை 250-ஆல் வகுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 11 மீட்டர். என் மேசைமேல் கப்பல் நின்றால், எண்ணெய்த் தொட்டிகள் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு மாடிப்படி அருகே இருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் வந்து சுட்டிருக்கிறான் மனிதன். அந்தக் கணக்கைப் போட்ட பிறகு வெள்ளை எம்டன் பற்றிய பேச்சே எழவில்லை.

இந்தக் கப்பலைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர், “செண்பகராமன் பிள்ளை இதில்தானே வந்தார்?” என்பார்கள். விடுதலைப் போராளியான அவர் 1914-இல் சூரிச்சிலும் பிறகு பெர்லினிலும் இயங்கியவர். எம்டனோ நான்கு ஆண்டுகளாகக் கிழக்காசியாவை விட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பவேயில்லை. இருவரும் எங்கே சந்தித்திருப்பார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மாதிரியில் அவருக்குப் பொம்மை வைக்கவில்லை.

சாம்பல் நிறமும் முதல் தப்பும்

வெள்ளையைச் சாம்பலாக்க இரண்டு வழி. அச்சிட்ட காகிதத்தின்மேல் வண்ணம் பூசலாம், அல்லது கணினியில் நிறத்தை மாற்றிவிட்டு அச்சிடலாம். பூசுவதைச் சோதித்துப் பார்த்தேன். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பட்டதும் காகிதம் அப்பளம்போல வளைந்தது. பலகணி, கதவு, தகட்டு இணைப்புக் கோடுகள் எல்லாம் வண்ணத்துக்குள் மறைந்தும் போயின. காகித மாதிரியின் அழகே அந்த அச்சிட்ட கோடுகளில்தான் இருக்கிறது. ஆகவே கணினி. உடலுக்குக் கொஞ்சம் அடர்ந்த சாம்பல், மேற்பகுதிக்கு வெளிறிய சாம்பல். நாற்பது துண்டு சாயல்களை அச்சிட்டு வெயிலிலும் டியூப்லைட்டிலும் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

எல்லாத் தாள்களையும் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம் எடை) தடித்த காகிதத்தில் லேசர் அச்சில் எடுத்தேன். ஒரே ஒரு தாளில், அதாவது வலப்பக்க உடல் இருந்த தாளில், சாம்பலுக்குக் குறுக்கே பச்சையாக ஒரு கோடு ஓடியிருந்தது. மற்றவற்றை இரண்டு வாரம் வீட்டில் வைத்திருந்து ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினேன். கோடு விழுந்த தாளை மட்டும் பின்னொரு நாள் வேறொரு கடையில் மறுபடி எடுத்தேன். அங்கே ஏ4 தடித்த காகிதம் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். “ஏ3 இருக்கு சார், பாதியா வெட்டிக் குடுத்துடறேன்” என்றார். நல்ல மனிதர். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அன்று மதியமே வெட்டி ஒட்டவும் தொடங்கிவிட்டேன்.

விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அப்போது எனக்குத் தெரியவில்லை.

எலும்புக்கூடு

காகிதக் கப்பல் செய்யாதவர்களுக்காகச் சுருக்கமாக: இந்தத் தொகுப்பில் கப்பல் நீர்மட்டக் கோட்டோடு முடிகிறது, தண்ணீருக்கு அடியில் உள்ள பாகம் கிடையாது. நீர்மட்ட வடிவில் ஒரு அடித்தட்டு, அதன்மேல் நெடுக்கில் ஒரு முதுகெலும்பு, அதன் வெட்டுகளில் செருகப்படும் குறுக்கு விலாக்கள். முட்டை அட்டையின் தடுப்புகள் மாதிரி இருக்கும். அதன்மேல் தளம், கடைசியில் இரண்டு பக்கத் தோல். அடித்தட்டு 47 சென்டிமீட்டர் நீளம் என்பதால் தோல் ஏ4 தாளில் அடங்காது. பக்கத்துக்கு இரண்டு துண்டுகளாக வந்து நடுவில் ஒரு பட்டையால் இணையும்.

விலாக்களுக்கு வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளைப் பயன்படுத்தினேன். இரண்டை ஒட்டினால் விறைப்பாக நிற்கும், காசும் மிச்சம். தங்க எழுத்தில் ‘சுபமுகூர்த்தம்’ என்று அச்சிட்ட விலா ஒன்று எம்டனின் கொதிகலன் அறை இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. மடிப்புக் கோடு போட மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபில், வெட்ட மருந்துக்கடையில் கிடைக்கும் 11-ஆம் எண் அறுவைக் கத்தி. இந்த இரண்டுக்கும் மேலான கருவி எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

எலும்புக்கூடு முறுக்கிக்கொண்டால் அப்புறம் எதுவும் நேராகாது. அதனால் ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்து, இருபுறமும் அகராதிகளை அடுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். முன்முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எல்லா விலாவும் ஒரே கோட்டில் நின்றன. பெருமையாக இருந்தது. இடப்பக்கத் தோலை ஒட்டாமல் வைத்துப் பார்த்தேன், கச்சிதம். ஒட்டினேன், கச்சிதம். வலப்பக்கத்தை வைத்துப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் சரியாக இருந்தால் மறுபக்கமும் அப்படித்தானே என்ற சோம்பல்.

விசாரணை

முதல் சந்தேகம் என் கத்தியின் மேல். வெட்டும்போது எங்காவது கோட்டுக்கு உள்ளே போயிருந்தால் குறை அந்த ஒரே இடத்தில் இருக்கும். தோலில் அச்சான வட்டப் பலகணிகளை அளந்தேன். முன்முனையிலிருந்து ஒவ்வொரு பலகணிக்கும் உள்ள தூரம், இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு? கால்வாசி தூரத்தில் வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர். பாதியில் முக்கால் மில்லிமீட்டரை ஒட்டி. முக்கால்வாசியில் 1.1. பின்முனையில் 1.5. படிக்கட்டுபோல ஒரே சீராக ஏறியது. கத்தி நிரபராதி. தோல் முழுவதுமே கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

அடுத்த சந்தேகம் அச்சு இயந்திரம். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பு தவறுதலாக இயங்கினால் எல்லாம் சிறுத்துவிடும். நல்லவேளையாக இந்தத் தொகுப்பின் ஒவ்வொரு தாளிலும் நெடுக்கிலும் குறுக்கிலும் 100 மில்லிமீட்டர் அளவுகோல் அச்சாகியிருந்தது. குப்பையில் போட்ட ஓரத்துண்டுகளைத் தேடி எடுத்தேன். இடப்பக்கத் தாள்: நெடுக்கில் 100, குறுக்கில் 100. வலப்பக்கத் தாள்: குறுக்கில் 100, நெடுக்கில் 99.7. இயந்திரம் படத்தையே சிறிதாக்கியிருந்தால் இரண்டு திசையிலும் குறைந்திருக்கும். ஒரு திசையில் மட்டும் குறைகிறது என்றால் காகிதத்தை விசாரிக்க வேண்டும். காகிதத்தை இழுக்கும் உருளைகளும் ஒரு திசையில் மட்டும் பிசகலாம் என்பதால் இதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மனமில்லை. நேராகக் காகிதத்தையே சோதித்தேன்.

மரக்கூழ் நார்கள் தண்ணீரில் மிதந்து வலைமேல் படியும்போது, இயந்திரம் ஓடும் திசையில் பெரும்பாலும் நீட்டிப் படுத்துக்கொள்கின்றன. அதனால் எந்த இயந்திரக் காகிதத்துக்கும் ஒரு நார் ஓட்டம் உண்டு. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, பக்கவாட்டில் பருக்கும். ஆகவே காகிதம் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே பல மடங்கு அதிகமாக விரியும், காய்ந்தால் அதே திசையில் அதிகமாகச் சுருங்கும். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகப் போகிறது, மறுதிசையில் கிழித்தால் கோணல்மாணலாகப் போகிறதே, அதுதான் இது.

இரண்டு தாள்களின் மிச்சத்திலிருந்தும் நெடுக்கில் 200 மில்லிமீட்டர் நீளப் பட்டைகள் வெட்டினேன். குளியலறையில் வெந்நீர் வாளிக்கு மேலே கொடி கட்டி ஒரு மாலை தொங்கவிட்டேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, பழகிவிட்டார்கள். எடுத்து அளந்தால் இடப்பக்கத் தாளின் பட்டை 0.3 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது. வலப்பக்கத் தாளுடையது 1.6 மில்லிமீட்டர்.

ஏ3 தாளில் நார் நீளவாக்கில் ஓடியிருக்கிறது. அதை நடுவில் பாதியாக வெட்டினால் கிடைக்கும் ஏ4-இல் நார் குறுக்கே ஓடும். என் கப்பல் தோல் தாளின் நெடுக்கில், அதாவது நாருக்குக் குறுக்கே படுத்திருந்தது. போதாக்குறைக்கு லேசர் இயந்திரத்தின் சூடான உருளை காகிதத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மற்ற தாள்கள் இரண்டு வாரம் என் அறைக் காற்றோடு சமரசமாகி, இழந்த ஈரத்தைத் திரும்பப் பெற்றிருந்தன. இது மட்டும் அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு, சுருங்கியபடியே கப்பலில் ஏறியது.

உறுதிசெய்ய வேறு சாட்சி தேவைப்படவில்லை. அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வலப்பக்கத் தோல் ஈரம் குடித்து விரிந்து, ஒவ்வொரு இரண்டு விலாவுக்கு இடையிலும் உப்பியும் குழிந்தும், பட்டினி கிடந்த மாட்டின் விலாப்புறம்போல ஆனது. இடப்பக்கம் அசையவில்லை. பின்முனை இடைவெளி மட்டும் இருந்திருந்தால் ஒரு சாம்பல் துண்டு வைத்து ஒப்பேற்றியிருப்பேன், உண்மையைச் சொன்னால் அந்தத் துண்டை வெட்டியும் வைத்திருந்தேன். மழைதான் அந்தக் குறுக்குவழியை அடைத்தது.

தோலை உரித்தல்

ஒட்டியது வெள்ளைப் பசை. காய்ந்தால் விடாது. தளத்தின் ஓரத்திலும் அடித்தட்டின் ஓரத்திலும் கத்தியைப் படுக்கவைத்து ஓட்டி, விலா விலாவாக அறுத்து எடுத்தேன். ஏழு விலாக்களின் விளிம்பு பிய்ந்தது. ‘சுபமுகூர்த்தத்தில்’ பாதி போய்விட்டது. பிய்ந்த இடங்களில் மெல்லிய பட்டை ஒட்டி, உப்புக்காகிதத்தால் தேய்த்துச் சமன்செய்தேன். இந்தத் தேய்ப்பில்தான் பொறுமை வேண்டும். விலா அரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தாலும் தோலில் கோடாகத் தெரியும்.

பிறகு தச்சர்கள் பாலிஷுக்கு வாங்கும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து எலும்புக்கூட்டில் எட்டிய இடமெல்லாம் பூசினேன். ஸ்பிரிட் சீக்கிரம் பறந்துவிடும் என்பதால் அட்டை வளையாது, அரக்கு உள்ளே இறங்கி ஈரத்தைத் தாமதப்படுத்தும். முழுக்கத் தடுக்காது. சென்னைக் காற்றை முழுக்கத் தடுப்பது எதுவுமில்லை.

புதிய தாள் ஏ4-ஆகவே வந்த காகிதத்தில், நார் நெடுக்கில் ஓடுகிறதா என்று ஓரத்தைக் கிழித்துப் பார்த்த பிறகு அச்சானது. நான்கு நாள் அறையில் கிடந்தது. இருபுறமும் மெல்லிய நிறமற்ற வார்னிஷ் தெளித்தேன். அப்புறம்தான் கத்தி. இந்த முறை ஒட்டாமல் வைத்துப் பார்த்தேன், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. விலாக்களில் வெள்ளைப் பசைக்குப் பதில் தண்ணீர் இல்லாத ரப்பர் பசை. அதன் வாசனை தலைவலி தரும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். தொட்டதும் பிடித்துக்கொள்ளும், திருத்த நேரம் தராது. ஆனாலும் ஈரம் கிடையாது. இரண்டு துண்டுத் தோலின் இணைப்பை நடுப்பக்கப் பீரங்கி மாடத்தின் ஓரத்துக்குத் தள்ளியதால் இணைப்புக் கோடு கண்ணில் படவில்லை. பின்முனையில் இடைவெளி என்று சொல்ல ஒன்றுமில்லை. காகிதத்தின் வெள்ளை விளிம்பு மட்டும் மயிரிழையாகத் தெரிந்தது, சாம்பல் நீர்வண்ணத்தைத் தொட்டுத் தடவியதும் அதுவும் மறைந்தது. சொல்லப்போனால் விளிம்புக்கு நிறம் தீட்டாத காகிதக் கப்பல் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பொம்மைபோலத்தான் தெரியும்.

கவசமும் காகிதமும்

மேல்தள வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பீரங்கிக் கவசம். எம்டனின் பீரங்கிகளுக்கு முன்னால் இருந்த உருக்குக் கவசம் 50 மில்லிமீட்டர் தடிமன். 250-ஆல் வகுத்தால் 0.2 மில்லிமீட்டர். 160 ஜிஎஸ்எம் காகிதத்தின் தடிமன் ஏறத்தாழ அதேதான். தளபதி நின்று கட்டளையிடும் கவச அறையின் சுவர் 100 மில்லிமீட்டர், அதாவது இரண்டு காகிதம் சேர்த்து ஒட்டினால் சரியாக வந்துவிடுகிறது. பிளாஸ்டிக் மாதிரிகளில் இந்தக் கவசங்கள் பெரும்பாலும் தோசைக்கல் தடிமனில் இருக்கும். காகிதம் இங்கே ஜெயிக்கிறது. மெல்லிய பக்கத்தகடுகள் என்று வந்தால் அதுவும் தோற்கும், அந்த அளவுக்கு மெல்லிய காகிதம் கிடையாது.

பீரங்கிக் குழாய்களின் நீளம் 4.2 மீட்டர், மாதிரியில் 17 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தட்டச்சுக்குப் பயன்பட்ட மெல்லிய வெங்காயத்தோல் காகிதத்தை ஒரு பக்கம் சரிவாக வெட்டி, கம்பிமேல் சுருட்டினால் அடி தடித்து நுனி மெலிந்து வரும். கம்பியை உருவிவிட்டு ஒரு சொட்டு பெவிக்விக் விட்டால் கல்போல இறுகிவிடும். பத்து குழாய் வேண்டியிருந்தது, பதினேழு செய்தேன். பீரங்கியின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ஹைட் பூங்காவின் மூலையில் எம்டனின் நிஜப் பீரங்கி ஒன்று நிற்கிறது. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் குரூஸரான சிட்னி எம்டனை அடித்து வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏறவைத்த பிறகு அங்கே போய்ச் சேர்ந்தது அது. சிட்னிக் கப்பலிடம் ஆறு அங்குலப் பீரங்கிகள். தூரத்தில் நின்றே அடிக்க முடிந்தது.

புனல்வாய்க் காற்றுக்குழாய்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அந்தக் காலக் கப்பல்களில் அவை காளான்போல முளைத்துக் கிடக்கும். சில வாரங்கள் அவற்றிலேயே கழிந்தன. அவை எனக்குப் பிடிக்கவில்லை.

பாய்மரக் கம்பங்கள் இரண்டுக்கும் ஈர்க்குச்சி. விளக்குமாற்றிலிருந்து நேரான குச்சிகளைப் பொறுக்கி எடுத்தேன். கம்பம் கீழே தடித்து மேலே மெலிய வேண்டும், தென்னை அதை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. கம்பி இப்படி மெலியாது, காகிதச் சுருளில் மூட்டு தெரியும். கயிறுகளுக்கு எம்ப்ராய்டரி நூலில் ஒரு இழையைப் பிரித்து, தேன்மெழுகில் இழுத்துப் பிசிறை அடக்கினேன். கைப்பிடிக் கம்பிகளும் அதே இழைதான். அட்டைச் சட்டத்தில் நெடுக்கும் குறுக்குமாகச் சுற்றி, சந்திக்கிற இடங்களில் பசை தொட்டு, காய்ந்ததும் 4 மில்லிமீட்டர் உயரப் பட்டைகளாக வெட்டினால் வேலி மாதிரி வரும்.

எம்டன் மாதக்கணக்கில் துறைமுகம் இல்லாமல் ஓடியது. கூடவே வந்த மார்க்கோமானியா என்ற கப்பலிலிருந்தும் பிடிபட்ட கப்பல்களிலிருந்தும் நடுக்கடலில் நிலக்கரி ஏற்றிக்கொண்டது, கிடங்கு நிறைந்தால் தளத்தின்மேலும் குவித்தது. ஆகவே என் கப்பல் சுத்தமாக இருக்கக் கூடாது. பென்சில் கரியைத் தூளாக்கி, காய்ந்த தூரிகையால் புகைபோக்கிகளின் உச்சியிலும் நிலக்கரித் துளைகளைச் சுற்றியும் தடவினேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்றுதான் இப்போது தோன்றுகிறது, பின்கம்பத்தைச் சுற்றிப் பார்த்தால் சமையலறைச் சுவர்போல இருக்கிறது. அழித்தால் இழுவிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

நாலாவது குழாய்

எம்டனின் பிரபலமான தந்திரம் போலிப் புகைபோக்கி. முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கேயின் யோசனைப்படி, கான்வாஸ் துணியில் நாலாவது புகைபோக்கி ஒன்றைச் செய்து எழுப்பிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நான்கு புகைபோக்கி கொண்ட பிரிட்டிஷ் குரூஸர் யார்மவுத் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் அப்படித்தான் நுழைந்து, ஜெம்சுக் என்ற ரஷ்யக் குரூஸரை மூழ்கடித்தது. எம்டன் என்ற சொல்லுக்கு நம்மூரில் கில்லாடி என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டதில் இந்தக் குழாய்க்கும் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம்.

தொகுப்பில் அது இல்லை, வெள்ளை அன்னத்துக்கு அது எதற்கு? நானே வரைந்தேன். மற்ற மூன்றும் 160 ஜிஎஸ்எம்மில் கட்டுக்கம்பி வளையங்களோடும் நீராவிக் குழாய்களோடும் நிற்கின்றன. இதை மட்டும் டீக்கடை வடை மடிக்கும் மெல்லிய காகிதத்தில் செய்தேன். உள்ளே ஈர்க்குச்சிச் சட்டம், மேலே துணிபோல இலேசாகச் சுருக்கம். அருகில் பார்த்தால் போலி என்று தெரிய வேண்டும், ஓரடி தள்ளிப் பார்த்தால் தெரியக் கூடாது. ஒட்டவில்லை. இரண்டு ஊசித் துளைகளில் செருகி எடுக்கலாம்.

மழை முடிந்து இரண்டு மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். வலப்பக்கத் தோல் உப்பவில்லை. பின்முனை மூட்டு திறக்கவில்லை. முன்கம்பத்தின் இரண்டு கயிறுகள் மட்டும் தொய்ந்திருக்கின்றன, அது நூலின் சுபாவம். இடப்பக்கப் படகு ஒன்று நேராகத் தொங்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மூலையில், மாத்திரை டப்பாக்களில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நாலாவது குழாய் தீப்பெட்டிக்குள் தனியாக இருக்கிறது. அக்கா மகன் வரும்போதெல்லாம் முதலில் அந்தத் தீப்பெட்டியைத்தான் கேட்பான். “மாமா, இப்ப இது பினாங்கு எம்டனா, மெட்ராஸ் எம்டனா?” என்று கேட்டுக்கொண்டே, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாமணத்தால் அதைச் செருகுவான். போன முறை துளையைத் தவறவிட்டுத் தளத்தில் ஒரு கீறல் விழுந்தது. அதன்மேல் ஒரு நிலக்கரி மூட்டை வைத்துவிட்டேன்.